மூணாம் நாளைத் தாண்ட விடாதீங்க: பள்ளிக்கு வராத பிள்ளையைத் தேடும் வழி

ஒரு வகுப்பில் 30 பிள்ளைகள், மாதத்தில் 22 வேலை நாள். மாதக் கடைசியில் சராசரி வருகை 90 சதவீதம் என்று எழுதுகிறோம், தலைமையாசிரியர் கையெழுத்துப் போடுகிறார், பதிவேடு பீரோவுக்குள் போய்விடுகிறது. எல்லாப் பிள்ளைகளும் ஆளுக்கு இரண்டு நாள் வராமல் போயிருந்தாலும் கணக்கு ஏறக்குறைய 90தான் வரும். 27 பேர் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்து, மூன்று பேர் மாதம் முழுக்கத் தலைகாட்டாமல் இருந்தாலும் அதே 90தான். பின்னால் சொன்ன வகுப்பில் மூன்று பிள்ளைகள் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள், அது சராசரியில் தெரியாது. சராசரியை மேலே அனுப்புங்கள். உங்கள் மேசையில் இருக்க வேண்டியது பெயர்ப் பட்டியல்.

மாதம் இரண்டு நாள்தானே என்று விடுகிற பிள்ளைகளையும் ஒரு முறை கூட்டிப் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டம் 1 முதல் 5 வரை 200 நாள், 6 முதல் 8 வரை 220 நாள் குறைந்தபட்ச வேலை நாள் என்கிறது. மாதம் இரண்டு என்றால் பத்து மாதத்தில் 20 நாள், கிட்டத்தட்ட ஒரு மாதப் பள்ளிக்கூடம். வகுத்தல் கணக்கை நடத்திய வாரம் அந்த இருபதுக்குள் விழுந்துவிட்டால், அடுத்த வருஷம் பின்னம் நடத்தும்போது அந்தப் பிள்ளை முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

வருகைப் பதிவேட்டில் காலைக்கு ஒரு சாய்கோடு, மதியத்துக்கு அதை வெட்டும் இன்னொரு கோடு. செயலியில் பதிவு வந்த பிறகு காலையில் கைபேசியில் போட்டதோடு சரி, மதியக் கோட்டைச் சாயங்காலம் மொத்தமாக இழுத்துவிடும் பழக்கம் பல இடங்களில் வந்துவிட்டது. எனக்கு இதுதான் பெரிய பயம். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் ஜூனில் கார் பருவ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் கன்னடியன் கால்வாயும் பாளையங்கால்வாயும் நிறைந்து ஓடும். சாப்பாட்டு மணி அடித்ததும் மதில் ஏறிக் குளிக்கப் போகிற பையன்கள் எல்லா ஊரிலும் உண்டு. பிள்ளை தண்ணீரில் இருக்கும் நேரத்தில் பதிவேடு அவன் வகுப்பில் இருக்கிறான் என்று சொல்லுமானால், அவனைத் தேட யாரும் கிளம்ப மாட்டார்கள். மதியம் முதல் மணி அடித்த ஐந்து நிமிஷத்துக்குள் பெயர் கூப்பிட்டுவிட வேண்டும். காலையில் இருந்து மதியம் இல்லாத பிள்ளைக்கு அந்த நிமிஷமே வீட்டுக்குப் போன்.

வராத பிள்ளையை வந்ததாகப் போடுவது ஏன் நடக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகஸ்டு 1ஆம் தேதி எண்ணிக்கையை வைத்துப் பணியாளர் நிர்ணயம் செய்கிறார்கள், பிள்ளை குறைந்தால் ஓர் ஆசிரியர் இடம் போய்விடும். சின்னப் பள்ளிக்கூடங்களுக்கு அது உயிர்ப் பிரச்சினைதான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்தப் பொய்க் கோடு போட்ட நாளிலிருந்து அந்தப் பிள்ளையை யாரும் தேட முடியாமல் ஆகிவிடுகிறது. ஏடு வந்திருக்கிறான் என்கிறபோது எந்த அதிகாரியிடம் போய் உதவி கேட்பீர்கள்?

பதிவேட்டை இரண்டு விதமாகப் படித்துப் பழகுங்கள். ஒரு பெயருக்கு நேரே குறுக்காக வாசித்தால் அந்த வீடு தெரியும். தேதிக்குக் கீழே மேலிருந்து கீழாக வாசித்தால் ஊர் தெரியும். ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளை ஒன்று வாரா வாரம் ஒரே கிழமை வரவில்லையா? முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கமானால் அது கடைக்குப் பீடி கொண்டுபோகிற நாளாக இருக்கலாம். கணக்குக் குறையும்போது அம்மா சுற்றச் சுற்ற பிள்ளை உட்கார்ந்து மடக்கிக் கொடுக்கிறது. சுளகை மடியில் வைத்துக்கொண்டு, பீடி நுனியை விரலால் அழுத்தி மடக்குகிற வேலை. அந்தப் பிள்ளையின் ஆள்காட்டி விரல் நகத்தோரத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒரே தேதியில் ஒரே தெருப் பிள்ளைகள் நாலு பேர் இல்லை என்றால் காய்ச்சல், கொடை (ஊர்க் கோயில் திருவிழா), பஸ் வரவில்லை, இந்த மூன்றில் ஒன்று. காய்ச்சல் என்று தெரிந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அன்றைக்கே சொல்லிவிடுங்கள். டெங்கு சமயத்தில் பள்ளிக்கூடத்துப் பெயர்ப் பட்டியலைவிட வேகமான தகவல் அவர்களுக்குக் கிடைக்காது.

பதிவேட்டோடு சேர்த்து ஒரு 80 பக்க நோட்டு வேண்டும். கோடு போட்டு ஆறு பகுதி: தேதி, பெயர், யாரிடம் பேசினோம், என்ன சொன்னார்கள், எப்போது அனுப்புவதாகச் சொன்னார்கள், வந்த நாள். கடைசிப் பகுதிதான் முக்கியம். "திங்கக்கிழமை அனுப்புதேன்" என்று சொன்ன வீட்டுக்குச் செவ்வாய்க்கிழமை மறுபடி பேசவில்லை என்றால் முதல் பேச்சு வீண். வந்த நாள் காலியாக இருக்கும் வரிகளைத் தினமும் காலையில் ஒரு முறை விரலோட்டிப் பார்க்க இரண்டு நிமிஷம் போதும். விடுப்புக் கடிதம் கட்டாயம் என்று நிற்காதீர்கள். எழுதத் தெரியாத அம்மாவின் பிள்ளை கடிதம் இல்லாத பயத்திலேயே இன்னும் ஒரு நாள் நின்றுவிடும். அண்ணன், அக்கா வாய்வழியாகச் சொன்னதையே நோட்டில் எழுதிக்கொள்ளலாம்.

பிள்ளைக்கு இரண்டு போன் நம்பர் வாங்குங்கள். ஒன்று வீட்டு நம்பர், இன்னொன்று பக்கத்து வீடோ அத்தை வீடோ. ரீசார்ஜ் போடாமல் விட்ட நம்பருக்கு நாம் அடித்துக்கொண்டே இருப்போம். பருவத்துக்கு ஒரு முறை எல்லா நம்பருக்கும் அடித்துப் பார்த்தால் எது செத்த நம்பர் என்று தெரியும்.

முதல் நாள் போன் பேசும் விதம் இருக்கிறதே, அதில்தான் பாதி விஷயம். "உங்க பையன் ஏன் வரல?" என்று ஆரம்பித்தால் எதிர்முனையில் ஒரு பொய் தயாராகிவிடும். பாட்டி செத்துப்போனாள், வயிற்று வலி, ஏதாவது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"யக்கா, ஸ்கூல்ல இருந்து அஞ்சாப்பு டீச்சர் பேசுதேன். பிள்ளைய இன்னைக்குக் காணலியே, மேலுக்குச் சொகமில்லையா?"

இதில் குற்றம் சொல்லும் தொனி இல்லை, பிள்ளையைத் தேடுகிறோம் என்பது மட்டும் காதில் விழுகிறது. அம்மா வேலைக்குப் போயிருந்து ஆச்சி எடுத்தால் இன்னும் நல்லது, ஆச்சிமார் மறைக்காமல் சொல்லுவார்கள். தொடக்கப் பள்ளி என்றால் போனுக்கு முன்னால் காலை உணவு சமைக்கிற அக்காமாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். 2023 ஆகஸ்டில் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த பிறகு, எந்தப் பிள்ளை சாப்பிட வரவில்லை என்பது முதல் மணிக்கு முன்பே அவர்களுக்குத் தெரிகிறது. ஏன் வரவில்லை என்பதும் பெரும்பாலும் தெரியும். அவர்கள் அதே தெருக்காரர்கள்.

இரண்டு நாள் போனில் பேசியும் வரவில்லையென்றால் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போக வேண்டும். ஏன் மூன்று? ஒரு நாள் விட்ட பிள்ளைக்குத் தான் விட்டது ஒரு பாடம்தான் என்று தெரியும். மூன்று நாள் விட்டபின் வீட்டுப்பாடம் சேர்ந்துவிடும், திட்டுவார்களோ என்ற பயம் வரும், தெருவில் விளையாடக் கூட்டாளி கிடைத்துவிடுவான். ஒரு வாரம் ஆனால் வீட்டில் அந்தப் பிள்ளைக்கென்று ஒரு வேலை ஒதுக்கிவிடுவார்கள். தம்பியைப் பார்த்துக்கொள்ள, ஆடு மேய்க்க, கடையில் நிற்க. அதன் பிறகு நாம் கேட்பது பிள்ளையை மட்டுமல்ல, அந்த வீட்டு வேலைக்காரரையும் சேர்த்து. பதினைந்து நாள் கழித்துப் போகிறவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புவது இதனால்தான்.

போகும் நேரம் ஊருக்கு ஊர் வேறு. பீடி சுற்றுகிற ஊரில் பகல் முழுக்கப் பெண்கள் வீட்டில்தான் இருப்பார்கள். வயல் வேலை ஊரில் விளக்கு வைத்தபின் போங்கள். நூறு நாள் வேலை நடக்கிற நாளில் குளத்துக் கரைக்கே போய்விடலாம், ஆனால் எல்லார் முன்னிலையிலும் பேசாமல் மரத்தடிக்குத் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும். உவரி, இடிந்தகரை, கூத்தன்குழி போன்ற கடற்கரை ஊர்களில் படகு எப்போது கரை வரும் என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். எந்த ஊரானாலும் தெருவில் பிள்ளையின் பெயரைச் சத்தமாகச் சொல்லி வீடு விசாரிக்கக் கூடாது. திண்ணையில் உட்காருங்கள். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். யார் வீட்டுத் தண்ணீரை யார் குடிக்கிறார்கள் என்று இன்னும் பார்க்கிற சீமை இது. ஆசிரியர் குடித்த ஒரு செம்புத் தண்ணீரை அந்த வீடு நெடுநாள் மறக்காது.

வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி "எப்ப அனுப்புவீங்க" என்பதல்ல. "பிள்ள இல்லாட்டி எந்த வேலை நிக்கும்?" என்று கேளுங்கள். பதில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றால், இரண்டு வயது முடிந்த குழந்தைக்கு அங்கன்வாடி இருக்கிறது, அங்கே பணியாளரிடம் நாமே பேசி இடம் உறுதி செய்துவிட்டு வரலாம். சீருடை கிழிந்துவிட்டது என்றால் வண்ணச் சட்டையோடு அனுப்பச் சொல்லுங்கள், சொன்னதை வகுப்பில் எல்லா ஆசிரியர்களிடமும் சொல்லி வையுங்கள். இல்லையென்றால் உடற்கல்வி ஆசிரியர் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடுவார். தாமதமாக வரும் பிள்ளையை வெளியே நிறுத்துகிற பள்ளிக்கூடங்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும்: இன்றைக்குத் தாமதம் என்று வெளியே நின்ற பிள்ளை நாளைக்குத் தாமதமாகப் புறப்படும்போது வருவதற்குப் பதில் நின்றுவிடும்.

கொடைக்குப் பிள்ளை வராது. அதோடு மல்லுக்கு நிற்பதில் பயன் இல்லை. கோயிலில் கால்நாட்டியாகிவிட்டது என்றால் அடுத்த வாரம் கொடை, வில்லுப்பாட்டும் மேளமும் விடிய விடிய நடக்கும், மறுநாள் காலை எந்தப் பிள்ளையும் எழும்பாது. பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வச் சாஸ்தா கோயிலுக்குப் போகாத குடும்பம் இந்தப் பக்கம் அபூர்வம், அது ஆண்டுத் தேர்வை ஒட்டியே வந்து நிற்கும். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடில் போட்டு நாள்கணக்கில் தங்குகிற குடும்பங்கள் உண்டு. குலசை (குலசேகரன்பட்டினம்) தசராவுக்கு மாலை போட்டு வேஷம் கட்டுகிற பிள்ளைகளும் உண்டு. ஜூன் மாதமே வகுப்பில் எந்த ஊரில் எப்போது கொடை என்று கேட்டு ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அந்த நாள்களில் தேர்வும் புதுப் பாடமும் வைக்காதீர்கள். நாம் கவனிக்க வேண்டியது கொடை முடிந்த மூன்றாம் நாள். அன்றைக்கும் வராத பிள்ளைக்குக் காரணம் கொடை இல்லை.

குடும்பமாகவே கிளம்பிவிடுகிறவர்கள் வேறு வகை. பொங்கல் கழிந்து செங்கல் சூளைக்குப் போகிறார்கள். ராதாபுரம், திசையன்விளை பக்கம் பதநீர்ப் பருவத்தில் பனங்காட்டுக்குள் விடிலி போட்டுத் தங்குகிறார்கள், அப்பா ஏற, அம்மா கருப்பட்டி காய்ச்ச, பிள்ளை விறகு பொறுக்க. இவர்களைத் திரும்பி வரச் சொல்லுவது நடக்காத காரியம். போகிற இடத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். கிளம்பும் முன்பே பிள்ளையின் எமிஸ் எண்ணை (கல்வித் துறையின் கணினிப் பதிவில் அந்தப் பிள்ளைக்கு உள்ள எண்) ஒரு அட்டையில் எழுதி அம்மாவிடம் கொடுங்கள், ஆதார் அட்டையோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். மாற்றுச் சான்றிதழ் தராமல் இழுத்தடிக்கக் கூடாது. அது இல்லை என்பதற்காகச் சேர்க்கை மறுக்கக் கூடாது என்று சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. இங்கே பலர் சறுக்குவது ஓர் இடத்தில்தான்: காகிதத்தில் சான்றிதழ் கொடுத்துவிட்டு, எமிஸில் பிள்ளையைப் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்க மறந்துவிடுவார்கள். அங்கே போன பள்ளிக்கூடம் பெயரை ஏற்ற முடியாது. பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கும், ஆனால் புத்தகம், சீருடைப் பட்டியல் எதிலும் இருக்காது. ஒரு பருவம் இப்படிப் போனால் அதுவே மானக்கேடாகி நின்றுவிடும்.

பெண் பிள்ளை சமைந்தால் சடங்கு முடியும் வரை அனுப்ப மாட்டார்கள். அதில் சண்டை வேண்டாம். சடங்குக்கு ஓர் ஆசிரியை நேரில் போய்விட்டு வரட்டும், எந்தத் தேதியில் பள்ளிக்கு வருவாள் என்பதை அங்கேயே பேசிவிடலாம். "பெரிய பிள்ள ஆயிட்டா, இனி அவ்வளவு தூரம் எதுக்கு" என்று பெரியவர்கள் சொன்னால் புதுமைப் பெண் திட்டத்தைக் கணக்காகச் சொல்லுங்கள்: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே வரும். சடங்கு முடிந்து பள்ளிக்கு வந்த பிறகு மாதத்தில் மூன்று நாள் தவறாமல் நிற்கிற பிள்ளை இருந்தால், வீட்டுக்குப் போவதற்கு முன் உங்கள் கழிப்பறைக்குப் போய்ப் பாருங்கள். கதவில் கொண்டி இருக்கிறதா, வாளியில் தண்ணீர் இருக்கிறதா, நாப்கின் போட மூடியுள்ள தொட்டி இருக்கிறதா. கல்யாணப் பேச்சு காதில் விழுந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அடிப்பதில் தயக்கமே கூடாது, 18 வயது ஆகாத பிள்ளை.

அம்மை போட்டிருந்தால் கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்கு ஆகும் வரை வீட்டில்தான் இருக்க வேண்டும். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வழக்கம் பெரும்பாலும் அந்தக் கணக்குக்குள் வந்துவிடும். பொன்னுக்கு வீங்கிக்கு வீக்கம் தொடங்கி ஐந்து நாள். நூறு சதவீத வருகைக்குப் பரிசு கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. காய்ச்சலோடு பிள்ளை வந்து உட்காருவதற்கும், நோயாளிப் பிள்ளைக்குத் தான் ஒரு நாளும் பரிசு வாங்க முடியாது என்று படுவதற்கும் அதுதான் காரணம். போன மாதம் 12 நாள் வந்து இந்த மாதம் 18 நாள் வந்த பிள்ளையைக் கூப்பிட்டுக் கை கொடுங்கள்.

இனிச் சொல்வது இந்தச் சீமைக்கு ரொம்ப முக்கியம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூக மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்கள் அதே பள்ளியில் படித்த பையன்கள். அதற்கு முன்னால் அந்த மாணவர் சில நாள் பள்ளிக்கு வராமல் இருந்தார். அதையொட்டித்தான் பள்ளிகளில் சாதி வேற்றுமையைத் தடுக்க வழி சொல்ல, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை ஒரு நபர் குழுவாக அரசு அமைத்தது. நன்றாகப் படிக்கிற, வீட்டில் வேலைச் சுமை இல்லாத பையன் திடீரென்று வர மாட்டேன் என்றால், பையை எடுத்துக்கொண்டு கிளம்பிப் பாதி வழியில் திரும்பினால், குறிப்பிட்ட பஸ்ஸில் ஏற மாட்டேன் என்றால், "சோம்பல்" என்று நோட்டில் எழுதாதீர்கள். தனியாகக் கேளுங்கள், பள்ளிக்கு வெளியே, அவன் நம்புகிற ஓர் ஆசிரியர் மூலமாக. சிகரெட் வாங்கி வரச் சொல்கிறார்களா, சாப்பாட்டைப் பிடுங்குகிறார்களா, சாதிப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா என்று நேராகவே கேட்கலாம்.

அவன் வாய் திறந்தபின் செய்யக் கூடாதது ஒன்று உண்டு: இரண்டு பக்கத்தையும் ஒரே அறையில் நிறுத்தி "கை குடுத்துக்கோங்கடே" என்று அனுப்புவது. சொன்னது யார் என்று எதிர்ப்பக்கத்துக்குத் தெரிந்த அந்த நிமிஷத்திலிருந்து ஆபத்து பள்ளி வாசலைத் தாண்டி வீட்டுக்குப் போய்விடும். முதலில் அவன் எப்படிப் பத்திரமாக வீட்டுக்குப் போவான், சாயங்காலம் வீட்டில் யார் இருப்பார்கள், எந்தப் பஸ் என்று முடிவு செய்யுங்கள். பெற்றோரை அன்றைக்கே வரவழைத்துப் பேசுங்கள். மிரட்டல் இருந்தால் தலைமையாசிரியர் அன்றைக்கே எழுத்தில் மேலிடத்துக்கும் காவல் நிலையத்துக்கும் தெரிவிக்க வேண்டும். 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, இரண்டையும் சுவரில் எழுதிவைப்பதோடு நிறுத்தாமல், பிள்ளைகளுக்கு மனப்பாடம் ஆகும் வரை சொல்லிக் கொடுங்கள்.

நாம் போய் முடியாத வீடுகளுக்கு ஏழாம் நாளில் பள்ளி மேலாண்மைக் குழுவில் அதே தெருவைச் சேர்ந்த அம்மா ஒருவர் போகட்டும். அவர் சொன்னால் "எக்கா சொல்லிட்டா" என்று அனுப்புகிற வீடுகள் நிறைய. அதற்கும் அசையவில்லையென்றால் வட்டார வள மையத்துக்கு எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்டத்திலும் பெயரை அடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். எட்டாம் வகுப்பு முடியும் வரை பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்கச் சட்டத்தில் இடமில்லை.

திரும்பி வருகிற முதல் நாள் காலை பத்து நிமிஷம் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். "வாங்க தொரை, இப்பதான் வழி தெரிஞ்சுதா" என்று வகுப்பு சிரிக்கும்படி ஒரு வார்த்தை சொன்னால் மூன்று வார உழைப்பு போய்விடும். "வாடே, உக்காரு" என்றால் போதும். விட்டதையெல்லாம் எழுதி முடி என்று நாலு நோட்டைத் தலையில் கட்டாதீர்கள். கணக்கில் இனி வரும் பாடத்துக்குத் தேவையானது எது, தமிழில் எது என்று இரண்டே இரண்டு எடுத்து, நன்றாகச் சொல்லித் தருகிற பிள்ளை பக்கத்தில் உட்கார வையுங்கள். எண்ணும் எழுத்தும் (தொடக்க வகுப்புகளுக்கான அடிப்படை எழுத்து, கணக்குத் திட்டம்) வகுப்புகளில் இது சுலபம், அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை இருக்கிற நிலையிலேயே சேர்ந்துகொள்ளலாம். சாயங்காலம் வீட்டுக்கு ஒரு போன்: "யக்கா, பிள்ள வந்துட்டான், நல்லாப் படிச்சான்." பள்ளிக்கூடத்திலிருந்து குறை சொல்லாத போன் அந்த வீட்டுக்கு அதுதான் முதல் தடவையாக இருக்கும். அடுத்த பத்து நாளைக்கு அந்தப் பெயரை நோட்டில் தனியாக வட்டமிட்டு வையுங்கள். திரும்பி வந்த பிள்ளை இரண்டாம் முறை நிற்பது பெரும்பாலும் இந்தப் பத்து நாளுக்குள்தான்.

கடைசியாக ஒரு வேலை, கோடை விடுமுறைக்கு முன்னால். ஐந்து முடித்து ஆறுக்கும், எட்டு முடித்து ஒன்பதுக்கும் வேறு பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எல்லாரும் உங்கள் ஏட்டிலிருந்து ஒழுங்காகவே போயிருப்பார்கள், சான்றிதழும் கையில் இருக்கும். ஆனால் அங்கே சேர்ந்தார்களா என்று யார் ஏட்டிலும் இருக்காது. நோட்டின் பின்பக்கத்தில் அவர்கள் பெயரை எழுதி, நேரே சேரப் போகும் பள்ளியின் பெயரையும் எழுதுங்கள். ஜூன் இரண்டாம் வாரம் அந்தப் பள்ளிகளுக்குப் போன் செய்து ஒவ்வொரு பெயராகக் கேட்டுக் குறியுங்கள். குறி விழாத பெயர் இருந்தால், அந்த வீட்டுத் திண்ணை உங்களுக்குத் தெரிந்ததுதான்.